பெடல் கல்லாக இருந்த ஞாயிறு

போன வாரம் மகளின் காருக்கு முன்சக்கர பிரேக் பேட் மாற்றினார்கள். பட்டறையிலிருந்து நான்தான் ஓட்டிவந்தேன். ஓசூரில் இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் அந்த வாசனை உள்ளே வந்துவிட்டது. புதுப் பேட் முதல் சூட்டில் விடும் வாசனை, கருகிய பிசினும் இரும்புத்தூளும் கலந்தது. "ரெண்டு நாள்ல போயிடும் சார், பயப்படாதீங்க" என்று மெக்கானிக் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் பயப்படவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

நீ இறந்த செய்தியே எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. சிறுநீரகம் என்றார்கள். காரியத்துக்கு வந்தேன். உன் மனைவியிடம் சொல்ல ஒன்று இருந்தது. கூட்டத்தில் சொல்லவில்லை. அதை உன்னிடமே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சிப்காட்டில் பிரேக் பேட் செய்யும் கம்பெனியில் நான் சோதனைக் கூடத்தில் இருந்தேன், நீ சோதனை ஓட்டுநர். எனக்கு நாற்பத்தொன்று, உனக்கு முப்பது ஆகவில்லை. நான் நாகரசம்பட்டிக்காரன். நீ தளிப் பக்கம், வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், அவசரத்தில் இரண்டும். என்னிடம் ஒரு மிஷின் இருந்தது. கனமான இரும்புச் சக்கரத்தைச் சுழலவிட்டு, பேட்டால் பிடித்து நிறுத்தி, எந்தச் சூட்டில் எவ்வளவு பிடிக்கிறது என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டை நான் நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை.

தளி ரோட்டில் பெங்களூர் மோட்டார் கிளப் ஒன்று புதிதாகப் பந்தயத்தடம் போட்டிருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, கார் வைத்திருக்கும் யாரும் வந்து, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேகமாக ஓட்டிப் பழகலாம். பேட்டைச் சூடேற்றிப் பார்க்க நல்ல இடம் என்று கம்பெனி தன் வெள்ளைக் காரைக் கொடுத்து உன்னை அங்கே அனுப்பியது. இரண்டாவது மாதமே நீ எழுதிக் கொடுத்தாய்: "மூணாவது ரவுண்டில் பெடல் கல் மாதிரி ஆகிறது. மிதித்தால் இறங்கவில்லை. வண்டி நிற்கவில்லை."

என் கோட்டில் அப்படி எதுவும் இல்லை. அறிக்கையின் கடைசி வரியில், 'ஓட்டுநரின் கால் பழக்கம் காரணமாக இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் நீ சோதனைக் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாய்.

"சார், என் காலுன்னு எழுதியிருக்கீங்களாம்."

"இருக்கலாம்னுதான் எழுதியிருக்கேன்."

"அதை வெச்சு என்னை வண்டியிலிருந்து எறக்கப் போறாங்க. அது கூடப் பரவால்ல சார். இந்தப் பேட்டை வேனுக்கு மாட்டப் போறாங்க. அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் போற வேனு, ஒண்ணுக்கு இருபது பேரு ஏறுவாங்க. எங்க அக்காவைக் குடுத்த ஊரு அது."

"சரி, அடுத்த ஞாயிறு நான் வந்து பக்கத்துல உக்காந்து பார்க்கறேன்."

"பக்கத்துல உக்காந்தா என் காலைத்தான் பார்ப்பீங்க. உங்க கால்ல தெரியணும் சார். நீங்க ஓட்டுங்க."

நான் கார் ஓட்டக் கற்றதே முப்பத்தெட்டு வயதில். ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகவேண்டும் என்றால் சைக்கிளை எடுப்பவன். ஆனாலும் சரி என்றேன். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். உன்னை நம்பி வரவில்லை. நீ எங்கே தப்பு செய்கிறாய் என்பதைப் பார்த்து, 'இருக்கலாம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு உறுதியாக எழுதலாம் என்றுதான் வந்தேன்.

அன்று காலை குளிர் இருந்தது. தடத்தைச் சுற்றிக் கோஸ் தோட்டமும், அறுத்து முடித்த கேழ்வரகுக் காடும். கறுப்புத் தார் புதுசாக மினுங்கியது. கிளப்காரர் ஒருவர் எல்லாரையும் நிறுத்திக் கொடிகளை விளக்கினார். மஞ்சள் என்றால் மெதுவாக, கறுப்பு என்றால் வெளியே வா. "இங்க யாரும் ஜெயிக்க வரல. வீட்டுக்குத் திரும்பிப் போக வந்திருக்கோம்" என்றார். எனக்குக் கொடுத்த ஹெல்மெட்டில் வேறு யாருடைய தேங்காயெண்ணெயோ மணத்தது.

முதல் அரைமணி நேரம் கேவலம். திருப்பம் தெரிந்த உடனே பிரேக்கை மிதித்தேன், திருப்பத்துக்குள் போகும்போது கார் கிட்டத்தட்ட நின்றிருந்தது. ஒரு பெண் சின்னச் சிவப்புக் காரில் என்னை மூன்று முறை தாண்டிப் போனாள். மூன்றாவது முறை கையசைத்தாள். நீ சிரிக்கவில்லை. "கண்ணை ரோட்டு மேல வெக்காதீங்க சார். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வெய்யுங்க. கை தானா போவும்" என்றாய். அதையே பத்துத் தடவை, ஒரே குரலில்.

பன்னிரண்டாவது சுற்றோ என்னவோ, கை தானாகப் போனது. ஒரு திருப்பம் சரியாக விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம் என்பதுதான் அருகில் வரும் சொல். வெளியே வந்து, கார் ஆறும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது, "இப்ப போலாமா?" என்று நானே கேட்டேன்.

"இப்ப போனா நெஜமா ஓட்டணும். மூணு ரவுண்டு. பயந்தா சொல்லுங்க."

முதல் சுற்றில் நேர்பாதையின் முடிவில் முள் தொண்ணூறைத் தொட்டது. மிதித்தேன், பிடித்தது. இரண்டாவது சுற்றில் நூறு. பிடித்தது, கொஞ்சம் தாமதமாக. மூன்றாவது சுற்றில், பிரேக் மிதிக்க அடையாளமாக ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகள் நெருங்கியபோது அதே இடத்தில், அதே அழுத்தத்தில் மிதித்தேன். பெடல் பாதத்தை எதிர்த்து நின்றது. கல். இரண்டாவது தடவை முழு உடம்பையும் சாய்த்து மிதித்தேன். கார் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நீ ஸ்டியரிங்கைப் பிடுங்கவில்லை. "திருப்பாதீங்க. நேரா வுடுங்க, நேரா" என்றாய். தார் முடிந்தது, மண் வந்தது, வேலிக் கயிறு அறுந்தது, கேழ்வரகுத் தாள் சடசடவென்று அடியில் மோதியது. நின்றோம். அப்போதும் நான் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தேன். "சாக்கு சார், சாக்கு" என்றாய். போதும் என்பதை நீ கன்னடத்தில் சொன்னபோதுதான் உனக்கும் பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

முன்சக்கரங்களிலிருந்து புகை வந்தது. யார் காலு என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாய்.

"எத்தனாவது கூம்புல மிதிச்சீங்கன்னு எழுதிக்குங்க சார். அப்புறம் மறந்துடும்."

காட்டுக்காரம்மா அதற்குள் வந்துவிட்டாள். "அவ்ளோ பெரிய ரோடு போட்டு வெச்சிருக்காங்க, இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள். நீ அவளிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லி, அறுந்த கயிற்றைக் கட்டிக்கொடுத்தாய். பிறகு என்னைப் பார்த்து, நான் எதிர்பார்க்காததைச் சொன்னாய்.

"ஒரு வாட்டி போதாது சார். உங்க மிஷின்ல மூணு வாட்டி பண்ணித்தானே எழுதுவீங்க?"

முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். மறுபடி ஓட்டினேன். முதல் தடவை தெரியாமல் போனது. இந்தத் தடவை நிற்காது என்று தெரிந்தே போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சல் அதுதான், அதுவும் உன் பக்கத்தில் உட்கார்ந்து செய்தது. மூன்றாவது சுற்றில் இரண்டு கூம்பு முன்னதாகவே மிதித்தேன். மறுபடியும் கல். மண்ணில் இறங்கி, கயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். கறுப்புக் கொடி காட்டி எங்களை வெளியே அனுப்பினார்கள். மூன்றாவது வாட்டி நடக்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். "நேத்து கார் ஓட்டக் கத்துக்கிட்டவர் சொல்றதை ரிப்போர்ட்டா எடுக்க முடியுமா?" என்றார். நியாயமான கேள்விதான். மிஷினில் வழக்கமான சூட்டோடு நிறுத்தாமல் இன்னும் நூறு டிகிரி ஏற்றி ஓட்டினேன். கோடு சரிந்து தரையில் படுத்துக்கொண்டது. அந்தச் சூடுவரை போகவேண்டிய அவசியம் இருப்பதாக அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அந்தச் சரக்கு கம்பெனியை விட்டு வெளியே போகவில்லை. கலவையை மாற்றினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை. அந்தக் காரை ஓட்ட அனுமதி உனக்கு மட்டும்தான். அனுமதியில்லாத ஆளிடம் வண்டியைக் கொடுத்து, தடத்தை விட்டு இறக்கியதாக உனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாத ஆள் நான்தான். என்னை வாய்வார்த்தையாகக் கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள். உன்னைச் சோதனையிலிருந்து எடுத்து ஸ்டாஃப் பஸ்ஸுக்குப் போட்டார்கள். நான் மேனேஜர் அறைக்கு இன்னொரு முறை போயிருக்கலாம். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள் வேறு வேலை வந்தது. இதைத்தான் உன் மனைவியிடம் சொல்ல வந்தேன்.

பதினான்கு வருஷம் ராயக்கோட்டை ரோட்டில் நீ ஓட்டிய பஸ்ஸில் நான் வேலைக்கு வந்தேன். உன் பின்னால் முதல் சீட். நீ அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று மட்டும், இறங்கும்போது கேட்டேன், "என் மேல கோபம் உண்டா?" என்று.

நீ கதவு நெம்புகோலைப் பிடித்தபடி யோசித்தாய். "இருந்துச்சு சார். ஆனா நீங்க ரெண்டாவது வாட்டி வண்டி எடுத்தீங்கல்ல" என்றாய். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நீ கதவைச் சாத்தினாய்.

மன்னிப்பா, வெறும் தகவலா என்று நான் அதிகம் ஆராயவில்லை. ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சியது. யாராவது 'இது சரியில்லை' என்றால் பதில் சொல்வதற்கு முன் எழுந்துவிடுகிறேன். கம்பெனியில் கடைசி வருஷங்களில், பேட்டை வேகவைக்கும் அடுப்பின் கதவு கையை இழுக்கிறது என்று ஒரு பெண் சொன்னபோது, ஒரு ஷிஃப்ட் முழுக்க அவள் இடத்தில் நின்றேன். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் சொன்னது சரி.

போன மாதம் என் மனைவி, மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படி தடுக்கிவிடுகிறது என்றாள். அந்தப் படியில் இருபத்தாறு வருஷமாக ஏறி இறங்குகிறேன், எனக்கு ஒரு நாளும் தடுக்கியதில்லை. வயசாகிவிட்டது உனக்கு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் இறங்கும் வேகத்தில், கீழே பார்க்காமல் இறங்கினேன். கடைசியில் கால் தரையைத் தேடியது. அளந்து பார்த்தேன். அந்தப் படி மற்றவற்றைவிட ஒரு விரல் உயரம் கூடுதல்.

கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார்.