கம்ப்யூட்டர் கழித்துவிட்ட பிள்ளைகள்

மார்ச் 4, 2024 – சிரம்பான்

காலையிலேயே மோகனா அக்கா போன். அவள் மகள் ஷாமினிக்கு நேற்று பகாவ் பாசாரில் மறுபடி வலிப்பு. நாலு வயசுப் பிள்ளை, மீன் கடை முன்னால் விழுந்திருக்கிறாள். "ரத்தம் எடுத்து எவ்வளவு நாளாச்சு! ஒங்க ஆபீஸ்லதானே பாக்குறீங்க? என்னாதான்டி செய்றீங்க உள்ள?"

என்ன செய்கிறோம்? வலிப்பு வரும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மரபணுத் தகவலைக் கம்ப்யூட்டரில் கொட்டிக் காரணம் தேடுகிறோம். பெயர் கிடையாது, ஊரும் எண்ணும்தான். ஷாமினி எந்த எண் என்று எனக்கே தெரியாது. இதை அக்காவிடம் எப்படிச் சொல்ல?

மார்ச் 6

வேலை ஓடவில்லை. தேடலுக்கு முன்பே புரோகிராம் கழித்துவிட்ட சாம்பிள்களை நோண்டினேன். தூக்கிவாரிப் போட்டது. பாதிக்கு மேல் பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பிள்ளைகள், எங்கள் ஊர்ப் பக்கம்! குழுத் தலைவர் டாக்டர் திருச்செல்வத்திடம் ஓடினேன்.

"கெட்டுப்போன சாம்பிள்லா. அம்மாகிட்டருந்து வந்த மரபணுவும் அப்பாகிட்டருந்து வந்ததும் நீளத்துக்கு ஒரே மாதிரி இருக்கு பாரு. லேப்ல ஏதோ சொதப்பிட்டாங்க. விட்டுடு."

ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்?

மார்ச் 7

சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை! அக்கா கட்டியிருப்பது யாரை? அம்மாவின் தம்பியை. அம்மா கட்டியதும் அவளுடைய தாய்மாமனைத்தான். எங்கள் தோட்டத்தில் பாதி வீடு அப்படித்தானே. இரண்டு பக்கமும் ஒரே ரத்தம் என்றால் ஒரே மாதிரிதான் இருக்கும். எவனோ எந்த ஊருக்கோ எழுதிய புரோகிராம் விதி, எங்கள் பிள்ளைகளைப் பிழை என்று தள்ளியிருக்கிறது.

நாளைக்குக் கூட்டம். எல்லார் முன்னாலும் சொல்லணுமா?

மார்ச் 8

சொல்லவில்லை. மாமனையா கட்டுவீங்க என்று சிரிப்பார்களோ – சீ! புள்ள விழுந்து கெடக்கு, நீ மானம் பாக்குறியா ரோகினி?

மார்ச் 11

இன்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. "எங்க அப்பா கட்டுனது மாமன் மகளைத்தான். எனக்கு ஏன் தோணல?" என்றார் டாக்டர். விதியைத் தளர்த்தி மறுபடி ஓட்டச் சொன்னார்.

சும்மா இருக்க முடியாமல் அக்காவிடமும் சொல்லித் தொலைத்தேன். "அப்போ நான் மாமாவக் கட்டுனதுதான் புள்ளைக்குக் கேடு, அதானே?" போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 20

கழித்த பிள்ளைகளில் ஐந்து பேருக்கு ஒரே மரபணுவில், ஒரே இடத்தில் பழுது. இந்த வகை வலிப்பு பெரும்பாலும் ஒரு வைட்டமின் மாத்திரையிலேயே அடங்கிவிடுமாம். ஐந்து எண்களும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன; எந்த எண் எந்தப் பிள்ளை என்று அங்கேதான் தெரியும். அதில் ஷாமினி இருக்கணும். இப்படியும் ஒரு வேண்டுதலா!

ஏப்ரல் 2

அக்கா இன்னும் போன் எடுக்கவில்லை.

மே 19

அக்காவே கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் வைட்டமின் மாத்திரை கொடுத்தார்களாம். ஒரு மாதமாக வலிப்பே இல்லையாம். "ஒன் மேல கோவம் இன்னும் போகலடி" என்றாள்.

"இன்னிக்குப் பாசார்ல கைய ஒதறிட்டு ஓடுது. மீன் கடைக்காரர்தான் புடிச்சுக் குடுத்தாரு. சொன்ன பேச்சு கேக்குதா? அப்படியே ஒங்க மாமாவ உரிச்சு வச்சிருக்கு!"

எவ்வளவு பெருமை அந்தக் குரலில். போனை வைத்துவிட்டு அழுதேன்.