கழுத்துல போட்ட ஊசி

கல்மண்டபம், ராயபுரம்
4.2.2024

தம்பி பிராங்கிளினுக்கு,

அக்கா பிலோமி எழுதறது. மனசு ஆறலன்னாலும் நல்லா இருன்னுதான் சொல்லுவேன். போன்ல பேசினா கத்திடுவேன். உங்க மாமா பக்கத்துலயே படுத்துகினு கீறாரு, அதான் எழுதறேன்.

இன்னா வேலைடா பண்ணி வெச்ச? அவருக்கு வலது தோள்ல ஆபரேஷன், ஊசிய கழுத்துல போட்டியே! கை மட்டும் மரத்துப் போவும்னுதானே சொன்ன? ஆபரேஷன் முடிச்சு வெளிய கொண்டாந்தா, மனுஷனுக்குப் பாதி மூச்சு இல்ல. குரல் போச்சு, ஒரு கண்ணு இமை தொங்கிப் போச்சு. வாயத் தொறந்து தொறந்து மூடினாரு. அந்தக் கண்றாவிய பாத்தவ நான்.

மச்சினன்தானே மயக்க டாக்டருன்னு தெருவே கேக்குது. இடது தோளுக்கும் ஆபரேஷன் சொல்லிகீறாங்க. இன்னா நம்பிக்கையில உன்கிட்ட வர்றது?

பிலோமி

அண்ணா நகர்
9.2.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்தபின் டூட்டிக்குப் போகவே மனசு வரவில்லை.

தோளுக்குப் போகும் நரம்புகள் கழுத்தில்தான் கிளம்புகின்றன. அங்கே மருந்து போட்டால் தோள் முழுக்க மரத்துவிடும். மூச்சை இழுக்கும் நரம்பும் பக்கத்திலேயே போவதால், அந்தப் பக்கம் அதுவும் கொஞ்ச நேரம் வேலை செய்யாது. நல்ல நுரையீரல் அதைத் தாங்கிக்கொள்ளும். மறுநாள் குரலும் கண்ணும் சரியாகிவிட்டனவா இல்லையா?

எனக்கும் கோபம் வரும் அக்கா. மூச்சு வாங்குமா என்று நர்ஸ் எதிரிலேயே கேட்டேன். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் மாமா. எக்ஸ்ரேயைக் காட்டிக் கேட்டேன், "பழைய சளி" என்றார். நீயும் நின்று தலையாட்டினாய். அவருக்கு மூச்சு முட்டிய பிறகு உன் பர்ஸிலிருந்து இன்ஹேலரை எடுக்கிறாய்! முன்னாலேயே சொல்லியிருந்தால் கழுத்தைத் தொட்டிருப்பேனா? தோளுக்குப் பின்பக்கம் போட்டிருப்பேன். என்னிடமே ஏன் மறைத்தாய்?

உன் தம்பி,
பிராங்கிளின்

கல்மண்டபம்
13.2.2024

தம்பி,

மறைச்சேனா? நானா? யார பாத்துடா கேக்கற?

எண்ணூர் நிலக்கரி யார்டுல வருஷா வருஷம் டாக்டர் வந்து இதே கேள்விய கேப்பாரு. மூச்சு வாங்குதுன்னு சொன்னவன மறுநாள் கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. வெள்ளக் கோட்ட பாத்தாலே உங்க மாமா வாயி தானா இல்லன்னு சொல்லும். இன்ஹேலர் பொண்டாட்டி பர்ஸ்லதான் கீது. யார்டு வேலைக்குப் போற எல்லா வூட்லயும் அப்படித்தான்.

வேற டாக்டருன்னா சரி. நீ யாருடா? படிப்பு முடியற வரைக்கும் எங்க ஒத்த ரூம்லதானே படுத்த? அவரு இருமி இருமி எழுந்து உக்காருவாரு, நீ காதுல பஞ்சு வெச்சுகினு படிப்ப. உன் படிப்புக்குன்னு டபுள் ஷிப்ட் போனாரே, அந்தக் கரித்தூள்தான்டா உள்ள கீது. உனக்கு எக்ஸ்ரே வேணுமா?

இடது தோளுக்கு வேற டாக்டர பாத்துட்டோம். புது ஆளு, நம்மள பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. அதான் எல்லாத்தையும் நானே ஒண்ணு விடாம சொல்லிட்டேன். வேலை போனா போவட்டும்.

உன்கிட்ட அவரு இல்லன்னப்போ, நர்ஸுக்காக சொல்றாரு, என் தம்பிக்குத் தெரியாததான்னு நெனச்சுதான்டா நான் தலையாட்டினேன்.

பிலோமி