ஒரே விலாசத்தில் இரண்டு பிள்ளைகள்

சண்டை போட்ட நாளிலும் எனக்கு மறுசோறு கேட்டுக் கேட்டுப் போட்ட அண்ணிக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க அந்த ஆபீசர் அம்மா வந்து கதவைத் தட்டியபோது, நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய்க் கக்கூசில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நாற்பத்து நாலு வயது, ஆபீசில் சீனியர் டைப்பிஸ்ட், பத்திரிகையில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவள் என்று தெருவில் ஒரு பெயர் வேறு. இத்தனையையும் தூக்கிக்கொண்டு ஒரு தகரக் கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றிருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரம்மா வாய் உங்களுக்குத் தெரியாததா? "உள்ளதாங்க இருக்கா, இப்பதான் ஓடுனா. காலைலேர்ந்து நாலு வாட்டி ஆச்சு, பாவம்" என்று வந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நாலு வாட்டி என்பது சுத்தப் பொய். மறுக்கிற இடத்தில் நான் இல்லை.

ஏன் ஒளிந்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

அண்ணன் லாரியோடு போய்ச் சேர்ந்து இரண்டு வருஷத்தில் நீங்களும் மஞ்சள் காமாலையில் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் இலை எடுத்ததும் சொந்தம் கலைந்தது. பிள்ளைகள் அத்தை வீட்டுக்கா, தாய்மாமன் வீட்டுக்கா என்று நானும் உங்கள் தம்பி ஏழுமலையும் ஒருவரையொருவர் கையைக் காட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் காட்டி முடிப்பதற்குள் பத்து வயதுச் செல்வியையும் ஆறு வயதுக் கலாவையும் அரசாங்க ஹோமில் சேர்த்துவிட்டார்கள்.

அவர்களை வெளியே கொண்டுவர வேலூர் கோர்ட்டுக்கு நான்தான் போனேன். அங்கேதான் இந்த நன்னடத்தை ஆபீசர் அம்மாவை முதலில் பார்த்தேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்: "சொந்தக்காரங்க யாராவது ஒருத்தர் ரெண்டு பேரையும் சேத்து வெச்சுக்கணும்மா. ஒரே விலாசம். நான் சொல்லாம கொள்ளாம வந்து பாப்பேன். சரியில்லைன்னா மறுபடியும் ஹோம்தான். வயசு வேற வேற, அதனால பெரியவ ஒரு ஊரு, சின்னவ ஒரு ஊரு."

பாரத்தில் என் விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது என்னைவிட நல்லவள் அந்தக் கட்டிடத்தில் யாருமில்லை என்று எனக்கே தோன்றியது.

ஊருக்கு வந்ததும் நல்லதனம் இறங்கிவிட்டது. என்னுடையது ஒற்றை அறை. வீட்டுக்காரம்மா, "ஒண்ணுன்னா சரி, ரெண்டுன்னா வேற வூடு பாத்துக்க" என்றார். ஏழுமலையோடு ஒரு ஏற்பாடு செய்தேன். செல்வி என்னோடு. கலா கீழ்பென்னாத்தூரில் அவனோடு. ஆபீசர் வந்தால் கலாவை பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டியது, போனதும் திருப்பி அனுப்ப வேண்டியது.

தகவலுக்குப் பஸ் கண்டக்டர். கீழ்பென்னாத்தூர் ஸ்டாப்பில்தான் ஏழுமலையின் வேர்க்கடலை மண்டி. சனிக்கிழமை தோறும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், "கொழந்த நல்லாருக்குதான்னு கேளுங்க" என்பேன். அடுத்த டிரிப்பில் அவர் படியில் தொங்கியபடியே, "நல்லாருக்குதாம்மா" என்பார். இதற்கு நான் வைத்திருந்த பெயர் மேற்பார்வை. மூன்று மாதத்தில் ஒரு முறைகூட நேரில் போய்ப் பார்க்கவில்லை, அண்ணி. முக்கால் மணி நேரப் பயணம்தான். போனால் கலா அழுவாள், என்னோடு வருகிறேன் என்பாள், என்ன பதில் சொல்வது? அந்தப் பயத்தில் போகவில்லை.

சரி, கக்கூசிலிருந்து வெளியே வந்தேன். ஆபீசர் அம்மா என் கட்டிலில் உட்கார்ந்து மடியில் பைலை விரித்திருந்தார்.

"பசங்க எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தாங்க."

"தெருக்கோடி ஸ்கூல்தானே? நானே போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

வாசலை மறித்துக்கொண்டு, காபி குடிக்காமல் போனால் என் வீட்டுக்கு ஆகாது, பரீட்சை நடக்கிறது, டீச்சர் கோபக்காரி என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ஒரு தம்ளர் காபியை இரண்டு தம்ளராக்கிக் கொடுத்தேன். கடைசியில், "தாலுகா ஆபீஸ்ல வேலை இருக்கு, நாலரைக்கு வரேன்" என்று எழுந்தார். அவர் தெரு திரும்பியதும் கலாவை அனுப்பச் சொல்லிவிடப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். செருப்பு ஜோடி மாறியிருந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

கண்டக்டர் கை விடவில்லை. நாலு மணி பஸ்ஸில் ஒரு சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்து இறக்கினார். பின்னல், ரிப்பன், கலாவின் பச்சைக் கவுன். முகம் மட்டும் கலாவுடையது இல்லை. ஏழுமலையின் மகள் குமாரி.

"கலா எங்கடீ?"

"அப்பா என்னைப் போவச் சொல்லிச்சு அத்தை. யாராவது கேட்டா கலான்னு சொல்லணுமாம். மிட்டாய் வாங்கித் தருவியாம்."

கலாவுக்குக் காய்ச்சல் போலிருக்கிறது, அதனால்தான் மாற்றாள் என்று நினைத்துக்கொண்டேன். திட்ட நேரமில்லை. வீட்டுக்கு வந்தால் ஆபீசர் அம்மா எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். பைலில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார், குமாரியைப் பார்த்தார், மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"நல்லா சதை போட்டிருக்கே."

"கேவுரு கூழுங்க" என்றேன்.

"உன் டீச்சர் பேரு இன்னா பாப்பா?"

குமாரிக்கு அந்தப் பாடம் யாரும் சொல்லித் தரவில்லை. ரிப்பனைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துச் செல்வி பையோடு உள்ளே வந்தாள். குமாரியைப் பார்த்தாள். பச்சைக் கவுனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அண்ணி, அந்தப் பார்வை அப்படியே நீங்கள்தான்.

"அவ புது ஆளுங்ககிட்ட பேச மாட்டா மேடம்" என்று சொல்லிவிட்டுக் குமாரியின் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

ஆபீசர் அம்மா எழுதிக்கொண்டார். எழுந்தார். செல்வியே அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வழியனுப்பப் போனாள். நான் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டேன்.

"கலாவுக்கு ரொம்பக் காய்ச்சலாடி குமாரி?"

"கலா எங்க வூட்ல இல்லியே அத்தை."

"பின்ன?"

"தம்பிப் பாப்பா பொறந்தப்பவே போய்ட்டா."

"எங்க போய்ட்டா?"

"தெர்ல."

அதுவரைக்கும் நான் பட்டதெல்லாம் பயமே இல்லை அண்ணி. அதெல்லாம் மாட்டிக்கொள்வோமோ என்கிற கூச்சம். பயம் என்பது அந்த ஒரு சொல்லில்தான் வந்தது. குமாரியை இழுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். ஜன்னலில் போகிற ஒவ்வொரு கிணறும் என்னைப் பார்த்தது. "நல்லாருக்குதாம்மா" என்ற குரல் மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யார் நன்றாக இருக்கிறார்கள் என்று அத்தனை சனிக்கிழமையும் ஒரு தடவையாவது கேட்டேனா? உங்களிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று பஸ்ஸிலேயே தேட ஆரம்பித்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஏழுமலை மண்டி வாசலில் நின்று மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"கலா எங்க?"

"இன்னா வேணிக்கா, இப்டி வேர்த்துட்டு வர. மேடம் போய்ட்டாங்களா?"

"கொழந்த எங்கடா?"

"அது வந்து... எம் பொண்டாட்டிக்குப் பிரசவம். வூட்ல பாத்துக்க ஆளில்ல. என் மச்சினி உங்க ஊர்லதான், ஆசிரமத்தாண்ட குடியிருக்குறா. அவகிட்ட கொஞ்ச நாளைக்கு வுட்டேன்."

"எத்தினி நாளா?"

மூட்டையைத் தட்டினான். "மூணு மாசம் இருக்கும்."

"நல்லாருக்குதான்னு சொல்லி அனுப்புனியே?"

"நல்லாத்தானே இருக்குது. நீ நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ வந்து கூட்டினு போய்டுவன்னு பாத்தேன், நீ வரல."

குமாரியை அவனிடம் விட்டுவிட்டு, அந்தக் கடைசி வார்த்தையோடு அடுத்த பஸ் ஏறினேன்.

எங்கள் ஊருக்கே திரும்பி வந்து செங்கம் ரோட்டில் அவன் மச்சினியின் வீட்டைக் கண்டுபிடித்தேன். வெள்ளைக்காரர்களுக்கு அறை விடுகிற வீட்டின் பின்கட்டு. கலா சுவரோரம் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தது. உயிரோடு இருந்தாள், அண்ணி. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என்னைக் கண்டதும் அவள் ஓடி வரவில்லை. அந்த மச்சினியின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றாள். ஹோமுக்குப் போகிற வண்டியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி, ரெண்டாச்சு?" என்றார். "ரெண்டுதான். வேணும்னா எங்க மூணு பேர் சாமானையும் தூக்கித் தெருவுல போடுங்க" என்றேன். அவர் போடவில்லை. அடுத்த முறை ஆபீசர் அம்மா வந்தபோது கலாவைப் பார்த்து, "இளைச்சுட்டாளே" என்று மட்டும் சொன்னார். தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா? கேட்க எனக்குத் தைரியம் ஏது?

இப்போது செல்வி டீச்சர் டிரெயினிங்கில் இருக்கிறாள். கலாவுக்கு உங்கள் உயரம் வந்துவிட்டது, உங்கள் முன்கோபமும். மூவரும் அதே ஒற்றை அறையில்தான். பிரிந்து கிடந்த பிள்ளைகளை நான்தான் ஒன்று சேர்த்தேன் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இன்றும் யாராவது கதவைத் தட்டினால், எழுந்து போவதற்கு முன் ஒன்று, இரண்டு என்று தலை எண்ணிவிட்டுத்தான் போகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று இனி எந்த மூன்றாம் மனிதரையும் கேட்க மாட்டேன். நாளைக்குக் கல்யாணம் ஆகி எந்த ஊருக்குப் போனாலும் நானே பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாலும் போவேன்.

உங்களை ஒரு நாளும் நிம்மதியாக இருக்க விடாத நாத்தனார்,
வேணி

பி.கு.: ஏழுமலையின் மச்சினிக்கு என்ன வேலை என்று சொல்லவில்லை. எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. கலாவை அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தாள். மூன்று மாதமும் அக்காவும் தங்கையும் மத்தியானம் ஒரே தட்டில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று செல்வியைக் கேட்டேன். "சொன்னா நீங்க கலாவைத் திரும்ப கீழ்பென்னாத்தூருக்கு அனுப்பிடுவீங்க அத்தை" என்றாள்.