துரு என்று நான் நினைத்த சிவப்பு

"இன்னா சார், உள்ள கல்லு வெச்சிகீறியா? இடுப்பு புட்டுக்கிச்சு."

பழைய இரும்பு எடுக்க வந்தவர் என் மியூசிக் சிஸ்டத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். இனி அதற்கு வீட்டில் இடமில்லை என்று மகள் முடிவு செய்துவிட்டாள். கணினிக்கு டம்ளர் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறாள். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் வாங்கிய அன்று அந்தப் பெட்டியை ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கி வந்தவன் நான். இத்தனை கனம் எங்கிருந்து வந்தது?

அவரை அனுப்பிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். மூடி திறந்ததும் வார்னிஷும் காய்ந்த தூசியும் கலந்த வாசனை வந்தது. உங்கள் வீட்டு வாசனை, சகலை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

அக்காவை நீங்களும் தங்கையை நானும் கட்டியதால் வந்த உறவு இது. நானாகத் தேடிப் போயிருக்க மாட்டேன். சிங்கப்பெருமாள் கோயிலில் மாமனார் வீட்டில் எந்தப் பேச்சும் "பெரிய மாப்ள இன்னா சொல்றாரு?" என்றுதான் முடியும். கல்லூரியில் பாடம் நடத்துகிற நான் சொன்னால் அது காற்றோடு போகும். கல்பாக்கத்து இன்ஜினியர் சொன்னால் தீர்ப்பு. நான் எதையும் மறப்பவன் அல்லன்.

உங்கள் குவார்ட்டர்ஸுக்கு முதன்முதலாக வந்த மாலையும் மறக்கவில்லை. கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா உங்களுக்குக் கொடுத்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் அலமாரியில் இருந்தது. நம் இருவர் கல்யாணத்துக்கும் மூத்தது. முகப்பு முழுக்க ஒரே அலுமினியத் தகடு. ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பச் சொன்னீர்கள். எண்ணெயில் மிதப்பதுபோல் நகர்ந்தது. பிறகு மூடியைக் கழற்றிக் காட்டினீர்கள். செங்கல் அளவு டிரான்ஸ்ஃபார்மர், நூல் போட்டு வரிசையாகக் கட்டிய ஒயர்கள், ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

"இது இன்னா, குங்குமமா?" என்று கேட்டேன்.

"உங்க அண்ணியோட நெயில் பாலிஷ். உப்புக் காத்து சகல. இத வெச்சா துருவும் புடிக்காது, லூசும் ஆவாது."

"அதான் நான் பூசறதுக்கு ஒண்ணும் மிஞ்சறதில்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்புறம் நாதஸ்வர கேசட்டைப் போட்டீர்கள். முதல் சுரத்துக்கு முன்னால் வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். யாரோ அறைக்குள் வந்து நிற்பதாகவே நினைத்துவிட்டேன். தவிலில் கை படுவது வேறு, குச்சி படுவது வேறு என்று அன்றுதான் என் காதுக்குத் தெரிந்தது. சத்தம் பெரிதாக இல்லை; பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை வாட்ஸ்?"

"முப்பது."

அந்த முப்பதுதான் என்னைக் காப்பாற்றியது. அடுத்த மாதமே இரண்டாயிரம் வாட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த செட்டை வாங்கினேன். பாட்டுக்கு ஏற்றபடி முகப்பில் பச்சையும் நீலமுமாக விளக்குகள் ஏறி இறங்கும். செங்கல்பட்டில் என் வீட்டுக்கு நீங்கள் பார்க்க வந்தீர்கள். தூக்கினீர்கள். அடிப்பக்கத்தை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினீர்கள். "நல்லாகீது சகல" என்று சொல்லிக் காப்பி குடித்தீர்கள். என் செட்டில் சத்தம் இருந்தது. உங்களுடையதில் ஆள் இருந்தார். இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் உரக்க வைத்தேன்.

மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பாட்டு என் செட்டில்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். முதல்நாள் பிற்பகல் அதிலிருந்து புகை வந்தது. கூடத்தில் நிறைந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் நான் நின்ற நிலையை நீங்கள் பார்த்தீர்கள். "ஃபியூஸ்தான் மாமா, போயிட்டு வந்துர்றேன்" என்று செட்டை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கல்பாக்கத்துக்குப் போனீர்கள்.

மறுநாள் காலை ஆட்டோவில், மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். விளக்குகள் பழையபடி ஆடின. பாட்டு மட்டும் வேறாக இருந்தது. பந்தியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"சின்ன மாப்ள செட்டு இன்னாமா பாடுது! பெரியவரே, உங்க கெழட்டுப் பொட்டிய கடல்ல போடுங்க" என்றார் மாமனார்.

"போட்டுர்லாம் மாமா" என்றீர்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்ததும் நீங்கள்தான். விசேஷம் முடிந்ததும் என்னைத் தொடவிடாமல் செட்டை என் வீட்டு மாடியில் ஏற்றி வைத்ததும் நீங்கள்தான்.

அதன்பின் ஒருமுறை வந்தபோது உங்கள் அலமாரி காலியாக இருந்தது.

"ஆம்ப்ளிஃபயர் எங்க?"

"குட்த்துட்டேன்."

"யாருக்கு?"

"தேவப்பட்டவங்களுக்கு."

தோல்வியை ஒப்புக்கொண்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் நான் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. பழைய இரும்பின் காலம் முடிந்தது என்று சகலையே ஒத்துக்கொண்டார் என்பேன். நீங்கள் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது மூடி திறந்து கிடக்கிறது. உள்ளே அதே செங்கல் டிரான்ஸ்ஃபார்மர், அதே நூல் கட்டு, அதே சிவப்புப் பொட்டுகள். என் விளக்குகள் ஆடுவதற்கென்று தனியாக ஒரு ஒயர்கூட இழுத்திருக்கிறீர்கள். ஒரு மூலையில், கனம் காட்டுவதற்காகக் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த சிமெண்ட் கட்டியைப் பெயர்த்தெடுத்த தடம். அன்று விரல் முட்டியால் தட்டியபோதே உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது. வெளிமூடியின் திருகுகளிலும் அதே சிவப்புதான். இத்தனை வருடமும் அதைத் துரு என்று நினைத்திருந்தேன்.

அண்ணிக்குப் போன் செய்தேன்.

"தெரியுமே. 'அத்தினி பேரு எதிர்ல அவரு தல குனியக் கூடாது'ன்னாரு. அப்பறம் நீங்க பேசறத கேட்டுட்டு வூட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு."

சிரித்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டீர்கள். என் கணக்கில் இருப்பவர்களிலேயே உங்கள் மேல்தான் இப்போது பெரிய கோபம்.

மூடியைத் திரும்பப் பொருத்தினேன். நான் திருகியதில் உங்கள் பொட்டுகள் உதிர்ந்திருந்தன. மகளிடம் நெயில் பாலிஷ் கேட்டேன்.

"உனக்கு எதுக்குப்பா?"

அவளிடம் நீலம்தான் இருந்தது. மிச்சமிருந்த சிவப்பின் மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. காய்ந்த பிறகு பழைய நாதஸ்வர கேசட்டைப் போட்டு, மகளையும் உட்காரச் சொன்னேன்.

வாசிப்பவர் மூச்சை இழுத்தார். மகள் திரும்பிப் பார்த்தாள்.