நீ கடைந்த பிஸ்டன்

இன்று எங்கள் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு எண்ணெய் மாற்றினார்கள். டின்னைத் திறந்ததுமே அந்த வாடை வந்தது. வெளியே வந்து நின்றேன். வாசலில் உன் வண்டி.

நீ போய் எட்டு மாதம். மஞ்சள் காமாலை என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை. நான் எழுத வந்தது வேறு.

முப்பது வருடப் பழைய, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். மற்றவர்கள் அதைக் காட்டுவதற்கு வைத்திருப்பார்கள். நீ தினமும் வேலைக்கு எடுத்தாய். தொண்டாமுத்தூரில் கிளம்பி, வடவள்ளியில் என்னை ஏற்றிக்கொண்டு, பீளமேட்டில் உன் அப்பாவின் பம்பு பட்டறைக்கு. நான் வேலை பார்க்கும் பட்டறை அதற்குப் பக்கத்துக் கட்டிடம். மழை வந்தால் வண்டிக்குள்ளேயும் பெய்யும். "ஓடறதுக்குத்தானே மாப்ள பண்ணியிருக்கான்" என்பாய். பிரேக் சிலிண்டருக்குப் பிஸ்டன் எங்கும் கிடைக்கவில்லை என்று அப்பாவின் லேத்தில் நீயே கடைந்து போட்டாய்.

ஒரு திங்கட்கிழமை, வேலை முடிந்து கிளம்பும்போது பிரேக் ஆயில் குறைந்திருந்தது. "இன்னிக்கு பஸ்ல போயிரலாம். நாளைக்கு வாங்கி ஊத்திக்கலாம்" என்றாய். எனக்கு ஏது பொறுமை? நீ டீ குடிக்கப் போன நேரத்தில் எங்கள் பட்டறையின் பிரஸ் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினேன். இரண்டும் அழுத்தத்தைக் கடத்தும் எண்ணெய்தானே என்று நினைத்தேன். அது பிரேக் ரப்பரை ஊத வைத்துக் கெடுத்துவிடும் என்பது இன்ஜினியரிங் படித்த எனக்குத் தெரியவில்லை. "ஊத்தியாச்சு, கிளம்பு" என்றேன். எதை என்று நீ கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, அவிநாசி சாலை மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக் பெடல் அடிவரை போய்விட்டது. மறுபடி மிதித்தாய். ஒன்றுமில்லை. முன்னால் டவுன் பஸ். படிக்கட்டு நிறையப் பள்ளிப் பிள்ளைகள். நம் வண்டி இடுப்பு உயரம்தான், நேராக பஸ்ஸுக்கு அடியில் போயிருக்கும். "மாப்ள, பிரேக் இல்ல" என்றாய், ரகசியம் சொல்வதுபோல. நீ கியரை இறக்கினாய். நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். பஸ்ஸுக்கு ஒரு சாண் பின்னால் நின்றது.

கண்டக்டர் பின்படியிலிருந்து குனிந்து பார்த்தார். "ஏனுங்க, வண்டியோட உள்ள வந்துபோடறீங்களா? ரெண்டு டிக்கெட் கிழிக்கட்டுங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நீ குனிந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தாய்.

"நான் கடைஞ்ச பிஸ்டன்தான்டா. கடைசல்ல பிசகிப்போச்சு" என்றாய்.

எனக்கு அந்த நொடியே எண்ணெய் ஞாபகம் வந்துவிட்டது. சாயங்காலம், நீ பார்ப்பதற்கு முன் நானே சிலிண்டரைப் பிரித்து, ஊதிப்போன ரப்பரைச் சாக்கடையில் எறிந்தேன். உன் அப்பாவோ வேறு ஆள் கடைந்த பிஸ்டனைப் போட வைத்து, "இனி லேத்துப் பக்கம் வராத. ஆபீஸ்ல உக்காரு" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடம் உட்கார்ந்தாய். அந்த இரண்டு வருடமும் தினம் உன் பக்கத்து சீட்டில் வந்தேன். தினம் நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அந்த பஸ்ஸைவிட உன் முகத்துக்குப் பயந்தேன்.

காரியம் முடிந்து சாவியை என்னிடம் தந்தபோது உன் அப்பா சொன்னார்: "தைரியமா ஓட்டுங்க தம்பி. அவன் கடைஞ்ச பிரேக் சாமான் ஒண்ணும் இப்ப இதுல இல்லீங்க."

வண்டியின் டூல்ஸ் பெட்டியின் அடியில், பழைய பனியன் துணியில் சுற்றி அந்தப் பிஸ்டன் இருந்தது. நீ அதை எறியவில்லை. மைக்ரோமீட்டரில் நான்கு இடத்தில் அளந்தேன். துளி பிசகில்லை.

இப்போது கிளம்பும் முன் மூன்று முறை பிரேக்கை மிதித்துப் பார்க்கிறேன். அப்படியும் மேம்பாலம் வந்தால் ஒரு கையை ஹேண்ட் பிரேக்கில் வைத்துக்கொள்கிறேன். பிஸ்டன் என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்று நேராகத் தொண்டாமுத்தூர் போகிறேன். உன் அப்பா முன்னால் அதையும் மைக்ரோமீட்டரையும் வைத்து, அவரையே அளக்கச் சொல்லப் போகிறேன்.

அளப்பார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளப்பார். பிறகு நிமிர்ந்து, "அப்புறம் எதனால தம்பி பிரேக் போச்சு?" என்று கேட்பார்.