மூன்று பக்கம் தைத்த போர்வைகள்

என் ஆசை அக்கா குப்பம்மாளுக்கு,

உன் தம்பி ஏழுமலை எழுதுகிறேன். ஆமாம், நானேதான். யாரையும் கெஞ்சி எழுதச் சொல்லவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் சாயங்கால வகுப்பு நடத்தும் டீச்சர், ஆளுக்கொரு கடிதம் எழுதி வாருங்கள், சுவரில் ஒட்டுகிறேன் என்றார். மற்றவர்கள் தெருவிளக்கு கேட்டும் தண்ணீர்க் குழாய் கேட்டும் எழுதுகிறார்கள். எனக்குக் கேட்க வேண்டியது எல்லாம் உன்னிடம்தான் இருக்கிறது. சுவரில் ஒட்டட்டும். உத்திரமேரூரே படிக்கட்டும்.

ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் வருகிறது. பேனாவை அழுத்தி அழுத்தி நடுவிரல் காய்த்துப் போய்விட்டது. கோயம்பேட்டில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிக் காய்த்த தோளை யாரிடமும் காட்டியதில்லை. இந்த விரலைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறேன். என் பேரை எழுதிப் பார்த்த அன்றைக்கு நீ இல்லையே என்றுதான் முதலில் கோபம் வந்தது. சந்தோஷம் இதோடு போதும். இனி எழுதப் போவது எல்லாம் கோபம்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறி, நான் வகுப்பில் நாலு எழுத்து கற்ற பிறகுதான் உள்ளறையைத் திறந்தேன். மூட்டை மூட்டையாகப் போர்வைகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு. பிறக்கப் போகிற குழந்தைக்கு விரிக்கவும் போர்த்தவும் பழைய நூல் புடவையைக் கொண்டுவந்து, "தெச்சுக் குடுங்கம்மா" என்று உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனவர்களின் புடவைகள். நாலைந்து அடுக்கு வைத்து, நெருக்கி நெருக்கி ஓட்டுத் தையல் போட்டு நீ தைத்த போர்வைக்குச் சுற்று வட்டாரத்தில் பேர் உண்டு. பேர் இருந்து என்ன செய்ய? குழந்தை வளர்ந்து வாய்ப்பாடு சொல்கிறது. போர்வை உள்ளறையில் எலிக்குப் பயந்து கிடக்கிறது.

புதுசாக ஒரு புடவை வந்தால் போதும் உனக்கு. தரையில் விரித்து, கரை இந்தப் பக்கமா, பூ அந்தப் பக்கமா என்று சுற்றிச் சுற்றி வருவாய். முகம் பூராவும் சிரிப்பு. அடுத்த வாரம் இன்னொருத்தி வருவாள். முதலில் வந்தவளுடையது மூலைக்குப் போகும். ஒரு மனுஷிக்காவது "இப்போ முடியாது" என்று சொல்லியிருக்கிறாயா? எல்லாருக்கும் ஆகட்டும், எல்லாருக்கும் பார்க்கலாம். அந்த ஆகட்டும் எல்லாம் கடைசியில் யார் தலையில் வந்து விழுந்தது?

குறுக்கே ஒரு கயிறு கட்டினேன். வெறுமனே வெட்டி அடுக்கியவை ஒரு பக்கம், பாதி தைத்தவை நடுவில், முடிகிற நிலையில் இருப்பவை வாசலை ஒட்டி. அப்படிப் பிரித்துத் தொங்கவிட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. பத்தொன்பது போர்வை மூன்று பக்கம் ஓரம் மடித்துத் தைத்துக் கிடக்கிறது. நாலாவது பக்கம் மட்டும் திறந்த வாய்! ஒரு மத்தியான வேலை, அக்கா. ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

எதிர்வீட்டு சரோஜாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். உன்கூட உட்கார்ந்து தைத்தவள் அவள்தானே.

"அக்கா நாலாவது பக்கம் கொழந்த பொறந்தப்புறம்தான் தெப்பாங்க அண்ணே. முன்னாடியே முடிச்சு வெச்சா ஆவாது. தொட்டிலே வாங்க மாட்டாங்க, போர்வைய முடிச்சு வெப்பாங்களா?"

"பொறந்து இன்னா, பள்ளிக்கோடமே போய்க்கினு கீதுங்க. இன்னும் எதுக்குத் தெறந்து கெடக்குது?"

"அத்த உங்க அக்காவைக் கேளு. என்னக் கேட்டா?"

அதனால்தான் இன்றைக்குக் கேட்கிறேன். வழக்கம் என்று ஒன்று கிடைத்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்வதா?

அன்றைக்கே சட்டம் போட்டேன். முடிகிற நிலையில் இருப்பவை முதலில். ஒன்று முடியாமல் அடுத்ததை எடுக்கக் கூடாது. பழையது தீரும்வரை புதுத் துணி வாங்குவதில்லை. இதைக் கதவில் சாக்பீஸால் பெரிசாக எழுதினேன். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாளே ஒருத்தி தங்கைக்கு ஆறு மாசம் என்று புடவையோடு வந்தாள். கதவைக் காட்டினேன். படிக்கத் தெரியாது என்றாள். நானே ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். சரோஜாதான் எரிந்து விழுந்தாள்.

"நாலு எழுத்து கத்துக்கினதும் கலெக்டரு ஆயிட்டாரு இந்தாளு! வந்த பொம்பளைய கதவப் பாருன்னு தொரத்துறாரு."

"கலெக்டரு இல்லாமத்தான் இங்க இருவத்தாறு பாக்கி கெடக்குது" என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரோஜாவும் இன்னும் இரண்டு பேரும் வருவார்கள். நானும் உட்காருவேன். கோணி ஊசியால் சாக்கு தைத்த கை இது, சின்ன ஊசிக்கு முதலில் அடங்கவில்லை. பிறகு அடங்கியது. என் தையல் உன்னுடையதைப் போல வரிசையாக இருக்காது. ஆனால் முடிந்திருக்கும்.

எந்தப் போர்வை யாருடையது என்று கண்டுபிடித்ததுதான் பெரிய பேஜார். உனக்கு எல்லாம் தலைக்குள் இருந்தது. எனக்கு? மாசப் பொருள் போடுகிற நாளில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடை வரிசைக்குப் போனேன். ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினேன்.

"ஐயே, இது எங்க மாமியா பொடவ! இத்தினி வருசமா எங்கடா போச்சுன்னு தேடிக்கினு கீறோம்!"

"எந்தக் கொழந்தைக்குக் குடுத்தது?"

"தோ, அரிசி மூட்ட மேல ஏறிக் குதிக்குது பாரு, அந்தப் பிசாசுக்குத்தான்!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. சொல்லச் சொல்ல அங்கேயே துண்டுச் சீட்டில் பேரும் ஊரும் எழுதி, போர்வையின் மூலையில் ஊசி குத்தி வைத்தேன். நின்றுகொண்டே எழுதினேன், அக்கா! குங்குமக் கலர் புடவை ஒன்று யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு வயசான அம்மா தடவிப் பார்த்துச் சொன்னாள். "இது ராணி பொடவ. நாத்து நடும்போது கட்டிக்கினு வருவா. அவ போய்ச் சேந்துட்டா. பொண்ணு வசந்தாவ தாமல்ல குடுத்துகீறாங்க, அங்க கேளு." அந்த அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "தாமல் வசந்தா, குழந்தைக்கு" என்று எழுதிக்கொண்டேன்.

ஆடி மாசத்துக்குள் பதினெட்டு போர்வை முடிந்து உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ராஜகுளத்தில் ஒரு பையன் எட்டாவது படிக்கிறான். அவனுடைய குழந்தைப் போர்வை முழங்காலைக்கூட மூடவில்லை. அவன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்தொன்பதாவதுதான் குங்குமக் கலர். மற்றவை வெறும் கயிற்றில் கட்டிக் கிடக்க, அதை மட்டும் நீ ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாய். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை, கடைசியில் தைக்கலாம் என்று திரும்பச் சுற்றி மூலையில் வைத்துவிட்டேன். அந்த வாரம் சரோஜா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நானே உட்கார்ந்து நாலாவது பக்கத்தைத் தைத்தேன். உள்ளதிலேயே நன்றாக வந்த தையல் அதுதான்.

காஞ்சிபுரத்தில் பஸ் மாறினேன். பலகையைப் பார்த்து இதுதான் தாமல் போகிற பஸ் என்று நானே படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. எவ்வளவு சந்தோஷமாகப் போனேன் தெரியுமா? வசந்தா வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார்.

"குப்பம்மா தம்பி வந்துகீறேன் வசந்தா! உம்புள்ளைக்குப் போர்வ கொண்டாந்துகீறேன். எங்க உம்புள்ள? பெரிய ஆளு ஆயிருப்பானே!"

அவள் எழுந்து வந்து போர்வையை வாங்கினாள். நாலு ஓரத்தையும் விரலால் தடவினாள்.

"நாலு பக்கமும் தெச்சிட்டியா மாமா?"

"நானே தெச்சேன், இந்தக் கையால!"

அவள் உள்ளே போனாள். திரும்ப வரவில்லை. மாமியார்தான் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்து, குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றாள். நான் குடித்தேன், அக்கா. நல்ல மோர் என்றுகூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

சரோஜா வந்ததும் பத்தொன்பதும் தீர்ந்தது என்று பெருமையாகச் சொன்னேன். கையிலிருந்த பையை அப்படியே கீழே போட்டாள்.

"தாமலுக்கா குடுத்த? இன்னா காரியம் பண்ணிட்ட நீ! அவளுக்குக் கொழந்த ஏது? ஆஸ்பத்திரியில மூச்சே இல்லாம பொறந்துச்சு. அப்புறம் ஒண்ணும் வயித்துல தங்கவேயில்ல. அக்கா அந்தப் போர்வைய அப்டியே எடுத்து வெச்சாங்க. வசந்தா அண்ணன் வூட்டுக்கு வந்தா இங்க வந்து அந்தப் போர்வைய மடியில போட்டுக்கினு கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவா."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"ஆம்பளைங்ககிட்ட இத்தயெல்லாம் யாரு சொல்லுவாங்க?"

ஏன் சொல்லக் கூடாது? இதற்குப் பதில் சொல், அக்கா. மாசத்துக்கு இரண்டு தரம் கோயம்பேட்டிலிருந்து வந்து உன் கையால் சோறு தின்றேனே, மழை பெய்ததையும் மாடு கன்று போட்டதையும் சொன்னாயே, இதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? ஒரு பெண்ணுடைய இத்தனை பெரிய துக்கத்தை என் வீட்டு உள்ளறையில் வைத்துவிட்டு, எனக்கு ஒரு சொல்லும் வைக்காமல் போனாயே. செத்தவளின் தலைக்குள் இருப்பதை நான் எந்த வகுப்பில் போய்ப் படிப்பேன்?

உன்மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதே. என்மேல்தான் அதிகம். ரேஷன் கடையில் யாருடையது என்று கேட்டேன். ஏன் நின்றுபோயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டேனா? ஒரு வாரம் ஊசியைத் தொடவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. கதவில் எழுதியிருந்ததைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டேன்.

பிறகு மறுபடியும் தாமலுக்குப் போனேன். வசந்தா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "தெரியாமப் பண்ணிட்டேம்மா" என்றேன். அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எட்டு வருசமாச்சு மாமா. இந்த வூட்ல ஒருத்தர் அந்தப் பேச்ச எடுத்ததில்ல. நீ நடு வாசல்ல நின்னுக்கினு எங்க உம்புள்ளன்னு கேட்ட. எனக்கு உன்ன அடிக்கலாமான்னு வந்துச்சு."

"அடிம்மா."

"அடிச்சு இன்னா ஆவப் போவுது?"

குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடினாள். வீட்டுக்குள் போய்ப் போர்வையை எடுத்து வந்தாள். நாலாவது பக்கத் தையலை அவளே பிரித்திருந்தாள். துணி எங்கும் கிழியவில்லை. அவ்வளவு பொறுமையாக ஒவ்வொரு நூலாக இழுத்திருக்கிறாள்.

"எடுத்துக்கினு போ. இங்க வெச்சுக்க முடியாது. அவரு பாத்தா சோறு துன்ன மாட்டாரு. பெரிம்மா வெச்ச எடத்துலயே வை. நான் வருவேன்."

வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவள் மூலையில் இருந்த சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல இன்னா எழுதிகீற?"

"தாமல் வசந்தா, குழந்தைக்கு."

சீட்டின் மடிப்பை விரலால் நீவினாள். "புள்ள புள்ளன்னு கேட்டியே அன்னிக்கு. அது பொண்ணு மாமா. எங்கயும் எழுதல. ஒரு பேரும் வெக்கல. நீ எழுது. வசந்தா பொண்ணுன்னு எழுது."

குழாய்த் திண்டில் வைத்து எழுதினேன், அக்கா. இரண்டு வார்த்தை. இதுவரை எழுதியதிலேயே எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். எழுத்து கோணிப் போயிற்று. அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்தாள். அப்புறம் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இங்கே மறுபடியும் தையல் நடக்கிறது. இன்னும் ஏழு போர்வை பாக்கி. சரோஜா தினமும் திட்டிக்கொண்டே வருகிறாள். நாலாவது பக்கத்தை எடுக்கும் முன்னால் அவளை அந்த வீட்டுக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்கிறேன். தைக்க ஒரு புடவையும் புதுசாக வாங்கி வைத்துவிட்டேன், கதவைப் பார்த்துச் சிரித்தாளே, அவள் தங்கைக்கு ஒன்பதாவது மாசம். நீ செய்ததையே நானும் செய்கிறேன் என்று சந்தோஷப்படாதே. அவளுடைய போர்வைக்கு ஒரு முழுப் பக்கம் நோட்டில் ஒதுக்கியிருக்கிறேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். அந்த ஏழு போர்வையையும் முடிப்பேன். வெள்ளைத் துணியில் இருப்பதை ஒருவரும் ஊசியால் தொட விடமாட்டேன். இந்தக் கடிதத்தில் தாமல் பக்கங்களைச் சுவரில் ஒட்ட டீச்சரிடம் கொடுக்கவும் மாட்டேன். யார் கொடுத்தது, யாருக்கு, என்ன ஆயிற்று, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். உன்னைப் போல ஒன்றையும் தலைக்குள் கட்டி எடுத்துக்கொண்டு வரமாட்டேன். வெறும் தலையோடு வருவேன். அங்கே வந்து மீதிச் சண்டையைப் போடுகிறேன்.

கோபம் ஆறாத உன் கூடப்பிறந்தவன்,
ஏழுமலை