மெல்லிய கால் நாற்காலிகள்

செப்டம்பர் 9
திரைச்சீலைகள் போயின. இப்போது கண்ணாடிச் சுவர் முழுவதும் மலை. பாம் ஸ்பிரிங்ஸில் இப்படிப்பட்ட வீடுகளைக் கட்டியவர்கள் மலையைப் பார்க்கத்தான் கட்டினார்கள். என் கணவர் லீலண்டோ, ஒஹாயோவிலிருந்து தன் அம்மா அனுப்பிய ஓக் சாமான்கள் வெயிலில் வெளுத்துவிடும் என்று அதைப் பழுப்பு வெல்வெட்டால் மூடியே வைத்திருந்தார். அவர் காலமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இனி இது என் கூடம்.

செப்டம்பர் 12
பழைய சாமான் கடை டெஸ்மண்ட் சோபாவைக் கொண்டுவந்தார். ஐம்பதுகளில் செய்தது, தாழ்வானது, கால்கள் பென்சில் மாதிரி. கூடவே அதே மாதிரி மெல்லிய கால் நாற்காலிகள். "மெத்தைகள எலுமிச்சை நிறத்துல மாத்திரலாமா, மிசஸ் டெலஹன்டி? இப்ப எல்லாரும் அதான் கேக்குறாங்க." எல்லாரும் கேட்பதை எல்லாருக்கும் கொடுங்கள் என்றேன். சாம்பல் நிறமே இருக்கும்.

செப்டம்பர் 20
மகள் கோலெட்டுக்குப் போன் செய்தேன். அப்பாவின் சாப்பாட்டு மேஜை உனக்கு வேண்டுமா என்று கேட்டேன். "எங்க வீட்ல ஏதும்மா இடம்?" என்றாள். சரி, கேட்டாயிற்று.

அக்டோபர் 5
ஓக் சாமான்களுக்கு வீட்டிலேயே விற்பனை. அதை நடத்தும் லொரெய்ன், சொந்தக்காரர்கள் இருந்தால் வியாபாரம் கெடும் என்று என்னை வெளியே அனுப்பிவிட்டாள். விடிவதற்குள் வாசலில் வரிசை, கையில் எண் சீட்டு. கான்வென்டில் நாங்கள் இதைவிட நேராக நிற்போம். மாலையில் திரும்பியபோது ஓக் சாமான் ஒன்றுகூட இல்லை. சோபாவும் நாற்காலிகளும் மட்டும் மிஞ்சிய கூடத்தின் நடுவில் நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது.

அக்டோபர் 6
லொரெய்ன் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மேஜைய வாங்குன பொம்பள பேரமே பேசலங்க. அடியில குனிஞ்சு ஒரு காலத் தடவிப் பாத்துட்டு, 'இந்தப் பல்லுத்தடம் என்னோடது'ன்னா."

என் மகள். சொந்த வீட்டு வாசலில், அந்நியர்களோடு வரிசையில்.

உடனே போன் செய்தேன். "இடமில்லன்னுதானம்மா சொன்னேன். வித்துருங்கன்னா சொன்னேன்?"

அப்படியானால் எனக்கு எப்படித் தெரியும்? வேணும்னா வேணும்னு சொல்லேன்டி. உங்கப்பாவும் இப்படித்தான், மனசுல ஒண்ணு, வாய்ல ஒண்ணு. இதை அவளிடமே சொன்னேன்.

"இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நாங்க வரல" என்றாள்.

அக்டோபர் 13
போன் இல்லை. நானும் செய்யவில்லை.

நவம்பர் 2
வால்நட் மேஜை வந்தது. அதன் மேல் தொங்கும் வெள்ளை விளக்கை இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னேன். டெஸ்மண்ட் மறுத்துப் பார்த்தார், பிறகு இறக்கினார். எதிரே உட்காருபவரின் முகம் இப்போதுதான் சரியாகத் தெரியும். எதிரே யார்?

வீடு நான் நினைத்தபடியே அமைந்துவிட்டது. ஒன்றையும் மாற்ற மாட்டேன்.

நவம்பர் 17
நானே போன் செய்தேன். விற்றது தப்பு என்று சொல்லவில்லை, தப்பில்லை. "விக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றேன்.

"தேங்க்ஸ்கிவிங் வான்கோழி எங்க வீட்ல. ரெண்டு மணிக்கு. உப்பு கம்மின்னு சொல்லக்கூடாது."

நவம்பர் 28
ரிவர்சைட் ஊரில் கோலெட் வீடு. அவள் சாப்பாட்டு அறையை மேஜை அடைத்துக்கொண்டிருக்கிறது. சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் மருமகன் நீல் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தான். ஒருமுறை உட்கார்ந்த பேரன்கள் எழுந்திருக்க முடியாமல் மேஜைக்கு அடியில் தவழ்ந்து வெளியே வந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வான்கோழியில் உப்பு கம்மி. அதையும் சொல்லவில்லை.

"சொல்லுங்களேன்" என்றாள் கோலெட், பாத்திரம் துடைத்தபடி. "வாய மூடிட்டு இருக்குறது உங்களுக்கு உடம்புக்கு ஆகாது."

"மேஜை இருக்கட்டும்" என்றேன். "நாற்காலிங்கதான் குண்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உங்க வீட்ல இருக்கே, மெல்லிசா, அந்த மாதிரி எங்க கிடைக்கும்?"

நவம்பர் 29
நாளை டெஸ்மண்ட் கடைக்கு இருவரும் போகிறோம். ஆறு வேண்டுமாம். நீங்கள் நாலு பேர், நான் ஐந்து, ஆறாவது யாருக்கு என்று கேட்டேன்.

"ஜோடியாத்தாம்மா விப்பாங்க" என்றாள்.

ஒற்றையாகவும் விற்பார்கள்; இவளும் அப்பாவைப் போலத்தான், மனசில் ஒன்று, வாயில் ஒன்று. நான் திருத்தவில்லை.